குடிநீர்க் குழாயில் பின்னோட்டம்: கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து

பின்னோட்டம் என்பது குடிநீர்க் குழாயில் நீர் தான் போக வேண்டிய திசைக்கு எதிராகத் திரும்பி ஓடுவதாகும். வாளியிலோ தரைத்தொட்டியிலோ குழாய்க் குழியிலோ கிடக்கும் நீர், அதில் கலந்துள்ள சோப்பு, உரம், பூச்சிமருந்து, சாக்கடைக் கசிவு ஆகியவற்றோடு பொதுக் குழாய்க்குள் நுழைந்தால் அது பின்னோட்ட மாசு எனப்படும். சுத்திகரிப்பு நிலையத்தில் எவ்வளவு கவனமாக வேலை செய்தாலும் இந்த மாசை அங்கே தடுக்க முடியாது. நீர் நிலையத்தை விட்டுப் புறப்பட்ட பிறகு நடப்பது இது. வீட்டு வாசலிலும் தோட்டத்துக் கொட்டகையிலும் குழாய் முடியும் இடத்தில்தான் இதைத் தடுக்க வேண்டும்.

பள்ளத்தாக்கின் குடிநீர்

தேனி மாவட்டத்தின் தென்பகுதியில், மேற்கே ஏலமலைகளும் கிழக்கே மேகமலை, வருசநாட்டு மலைகளும் சூழக் கம்பம் பள்ளத்தாக்கு அமைந்துள்ளது. 1895இல் திறக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக லோயர்கேம்ப் பக்கம் இறங்குகிறது. பின்னர் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி எனக் கடந்து, தேனிக்கு அப்பால் வைகையோடு சேர்ந்து வைகை அணையை அடைகிறது. இந்த ஆற்றை நம்பிப் பாசனம் மட்டுமல்ல, ஊர்களின் குடிநீரும் இருக்கிறது. முதல்போகத்துக்கு அணை திறக்கும்போது பாசனத்துக்கு 200 கன அடி, குடிநீருக்கு 100 கன அடி என்று அறிவிப்பு வருவதை மாவட்டத்தார் அறிவர். கூடலூர், கம்பம் நகரங்களுக்கு லோயர்கேம்பில் எடுக்கப்படும் நீர் வருகிறது. பெரியகுளம் சோத்துப்பாறை அணையை நம்பியுள்ளது.

எடுத்த நீர் சுத்திகரிக்கப்பட்டு, மேல்நிலைத் தொட்டிகளில் ஏற்றப்பட்டு, குளோரின் கலந்து தெருக்குழாய்களுக்கு விடப்படுகிறது. தொட்டியின் உயரம்தான் குழாயின் பலம். 10 மீட்டர் உயர நீர் ஏறக்குறைய சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம் தரும். அந்த அழுத்தம் இருக்கும்வரை குழாயில் சிறு ஓட்டை இருந்தாலும் நீர் வெளியேதான் பீச்சும். வெளியே உள்ளது உள்ளே வராது. அழுத்தம் போய்விட்டால் அதே ஓட்டை உள்வாயாக மாறுகிறது.

இரண்டு வழிகள்

முதல் வழி உறிஞ்சல். குழாய் உடைந்தாலோ, வால்வு அடைக்கப்பட்டாலோ, தாழ்ந்த தெருவில் பலர் ஒரே நேரத்தில் நீர் பிடித்தாலோ மேட்டுத் தெருக் குழாயில் அழுத்தம் பூச்சியத்துக்கும் கீழே இறங்கும். அப்போது அங்கே ஒரு வாளி நீரில் ஹோஸ் மூழ்கிக் கிடந்தால் போதும். உறிஞ்சுகுழலால் இளநீர் குடிப்பது போலக் குழாய் அந்த வாளியைக் குடித்துவிடும்.

இரண்டாம் வழி எதிர்த்தள்ளல். வீட்டில் உண்டாகும் அழுத்தம் தெருக்குழாயின் அழுத்தத்தைவிட அதிகமானால் வீட்டு நீர் வெளியே தள்ளப்படும். இதற்கு நம் ஊர்களில் நன்கு பழகிய உதாரணம் ஆழ்துளைக் கிணறும் நகராட்சிக் குழாயும் ஒரே மேல்தொட்டிக்கு ஏறும்படி இணைக்கப்பட்ட வீடுகள். இரண்டுக்கும் நடுவே ஒரு வால்வு இருக்கும். ‘நகராட்சித் தண்ணீர் வரும்போது இதைத் திற, மோட்டார் போடும்போது மூடு’ என்று பிளம்பர் சொல்லிவிட்டுப் போயிருப்பார். ஒருநாள் மூட மறந்தாலோ, வால்வின் உள்வாஷர் தேய்ந்திருந்தாலோ, 1 குதிரைத்திறன் மோட்டார் போர் தண்ணீரைத் தெருவுக்கே அனுப்பிவிடும். குடிநீர் அல்லாத நீரும் குடிநீரும் சந்திக்கும் இத்தகைய இடத்துக்குக் குறுக்கு இணைப்பு என்று பெயர்.

குறுக்கு இணைப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இரண்டு வெளிநாட்டு நிகழ்வுகள் போதும். 1933இல் சிகாகோ உலகக் கண்காட்சியின்போது பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு விடுதிகளில் சாக்கடைக் குழாயும் குடிநீர்க் குழாயும் பழுதான இணைப்புகளால் கலந்தன. அமீபா வயிற்றுக்கடுப்பு பரவி 1,409 பேர் நோயுற்றனர். 98 பேர் இறந்தனர். 2007 நவம்பரில் பின்லாந்தின் நோக்கியா நகரில், கழிவுநீர் நிலையத்தில் இரண்டு குழாய்களை இணைத்திருந்த ஒரு வால்வு திறந்துவிடப்பட்டதால் கழிவுநீர் குடிநீரில் கலந்து 8,000க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். இரண்டிலும் குடிநீரின் மூலத்தில் குறை இல்லை.

விட்டுவிட்டு வரும் நீர்

நோக்கியாவிலும் சிகாகோவிலும் நடந்தவை விபத்துகள். ஆனால் சில மணி நேரமோ ஒருநாள் விட்டு ஒருநாளோ நீர் விடப்படும் ஊர்களில், அழுத்தம் போவது விபத்தல்ல, அட்டவணை. வால்வை அடைத்ததும் குழாயில் மிஞ்சிய நீர் சரிவின் கீழ்ப்பக்கம் வடியும். பள்ளத்தாக்கு ஊர்களில் மேடும் பள்ளமும் உண்டு. மேட்டுத் தெருக் குழாய் வெறுமையாகி உறிஞ்சத் தொடங்கும்.

இதை மோசமாக்குவன மூன்று. ஒன்று, குழாய்க் குழி. அழுத்தம் போதாத தெருக்களில் வாசலில் குழி தோண்டி, தரைமட்டத்துக்குக் கீழே குழாயை வைத்துக் குடத்தை இறக்கிப் பிடிப்பது தமிழ்நாடு முழுவதும் காணப்படும் வழக்கம். தாழ்வாக இருப்பதால் நீர் கூடுதலாக வரும் என்பது உண்மைதான். ஆனால் நீர் நின்றபின் அந்தக் குழியில் மழைநீரும் பாத்திரம் கழுவிய நீரும் தேங்கும். குழாயின் மூக்கு அதில் மூழ்கியிருக்கும், பல இடங்களில் திருகும் இல்லாமல். மறுமுறை நீர் விடும்வரை குழாய் அந்தக் குழியோடு இணைந்தே கிடக்கிறது.

இரண்டு, தெருக்குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து இழுப்பது. இதை ‘பக்கத்து வீட்டுத் தண்ணீரைத் திருடுவது’ என்று மட்டுமே பேசுகிறோம். நகராட்சிகள் மோட்டாரைப் பறிமுதல் செய்வதாக அறிவிப்பதும் அந்தக் காரணத்தைச் சொல்லித்தான். அதைவிடப் பெரிய தீங்கு வேறு. ஒரு வீட்டு மோட்டார் இழுக்கும்போது அந்தத் தெருவின் குழாயில் அழுத்தம் குறைந்து, பக்கத்து வீட்டுக் குழியும், சாக்கடையை ஒட்டிப் போகும் குழாயின் விரிசலும் உள்ளே இழுக்கின்றன. மோட்டார் போட்டவருக்கும் அந்த நீர்தான் வந்து சேர்கிறது. தெருக்குழாயோடு பொருத்திய அடிபம்பும் இதே வேலையைக் கைவலிமையால் செய்கிறது.

மூன்று, தரைத்தொட்டிக்குள் ஆழமாக இறங்கும் குழாய். சத்தம் வராமல் தொட்டி நிறையட்டும் என்று குழாயை அடிவரை நீட்டுகிறார்கள். நீர் நின்றதும் தொட்டி நீர் தெருவுக்குத் திரும்ப ஒரு வழி தயாராக இருக்கிறது.

விட்டுவிட்டு நீர் விடுவதால் எவ்வளவு கெடுகிறது என்பதற்கு இந்தியாவிலேயே நல்ல சான்று உண்டு. கர்நாடகத்தின் ஹூப்ளி-தார்வாடில் சில வார்டுகளுக்கு 24 மணி நேரமும் நீர் வழங்கப்பட, மற்ற வார்டுகளுக்குப் பழையபடி சில நாட்களுக்கு ஒருமுறை வழங்கப்பட்டது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டையும் ஒப்பிட்டு 2013இல் முடிவை வெளியிட்டனர். விட்டுவிட்டு வரும் குழாய்களில் எடுத்த மாதிரிகளில் சுமார் 32 சதவீதத்தில் மலக்கலப்பைக் காட்டும் ஈ.கோலை கிருமி இருந்தது. இடைவிடாது வரும் குழாய்களில் அது 1 சதவீதத்துக்கும் குறைவு. நீர் திறந்தவுடன் வரும் முதல் சில நிமிட நீரில் கெடுதல் கூடுதலாக இருந்தது. கலங்கல் நீரை முதலில் வெளியே விட்டுப் பிடிக்கும் நம் வீட்டுப் பெண்களின் பழக்கம் சரியானது என்றே இதைப் படிக்கலாம்.

திராட்சைத் தோட்டமும் வாழைத் தோட்டமும்

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. கொடியைத் தாக்கும் அடிச்சாம்பல் நோய்க்குப் போர்டோ கலவை தெளிப்பார்கள். 1 சதவீதக் கலவைக்கு 100 லிட்டர் நீரில் 1 கிலோ மயில்துத்தமும் 1 கிலோ சுண்ணாம்பும் சேர்க்கப்படும். கணக்குப் பார்த்தால் ஒரு லிட்டர் கலவையில் ஏறக்குறைய 2,500 மில்லிகிராம் செம்பு. குடிநீரில் செம்பு, வேறு நீராதாரம் இல்லாத இடத்திலும், லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியக் குடிநீர்த் தரநிலை. தெளிப்பு டிரம்மில் ஹோஸை மூழ்கவிட்டு, ‘நிரம்பட்டும்’ என்று வேறு வேலைக்குப் போகும் ஐந்து நிமிடம்தான் ஆபத்தான நேரம். அந்த ஹோஸ் ஊர்க் குழாயில் மாட்டப்பட்டிருந்தால் பாதிப்பு ஊருக்கு. தோட்டத்துக் கிணற்றுக் குழாயில் மாட்டப்பட்டிருந்தால் பாதிப்பு அந்தக் கிணற்று நீரைக் குடிக்கும் தோட்ட வேலையாட்களுக்கு.

சொட்டுநீர்ப் பாசன வாழையில் இன்னொரு வழி இருக்கிறது. உரம் கரைத்த தொட்டியிலிருந்து வென்சுரி என்னும் குறுகிய குழல் மூலம் உரநீர் பாசனக் குழாய்க்குள் இழுக்கப்படுகிறது. மின்சாரம் சட்டென்று போனால் குழாயில் நிற்கும் நீர் கிணற்றை நோக்கி இறங்கும். இறங்கும்போது உரநீரையும் கூட்டிக்கொண்டு போகும். மோட்டாருக்கும் உரம் சேரும் இடத்துக்கும் நடுவே திருப்பா வால்வு, அதாவது கடைகளில் என்.ஆர்.வி. என்று கேட்டால் கிடைப்பது, கட்டாயம் வேண்டும். நீர்மூழ்கி மோட்டாரிலேயே அப்படியொன்று இருக்கிறது என்று நம்பியிருப்பவர்கள், அது மணலில் தேயும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

தடுக்கும் முறைகள்

எல்லாத் தடுப்புகளிலும் நம்பகமானது செலவே இல்லாதது: காற்று இடைவெளி. குழாயின் வாய்க்கும் தொட்டி நிரம்பி வழியும் மட்டத்துக்கும் நடுவே வெறும் காற்று இருக்க வேண்டும். குழாய் விட்டத்தின் இரு மடங்கு, எப்படியும் 25 மில்லிமீட்டருக்குக் குறையாமல் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் அளவு. அரை அங்குலக் குழாய்க்கு இரண்டு விரல் கிடை என்று வைத்துக்கொள்ளலாம். காற்றைத் தாண்டி நீரை உறிஞ்ச எந்தக் குழாயாலும் முடியாது. தேய்வதற்கும் அடைப்பதற்கும் அதில் எதுவும் இல்லை.

தெருநீரை முதலில் தரைத்தொட்டியில் இந்த இடைவெளியோடு விழவிட்டு, அங்கிருந்து மோட்டாரால் மேலேற்றினால் உறிஞ்சலும் தள்ளலும் ஒருசேரத் தீரும். போர் நீருக்குத் தனிக் குழாய் வேண்டும். இடையில் வால்வு வைத்த இணைப்பு போதாது. குழாய்க் குழியை மூடி, குழாயைத் தரைக்கு மேலே உயர்த்த வேண்டும். நீர் குறைவாக வரும் என்பவருக்கும் தரைத்தொட்டிதான் வழி.

ஹோஸ் மாட்டும் குழாய்களில் வெற்றிடத் தடுப்பான் பொருத்தலாம். அழுத்தம் குறைந்ததும் அது தானே திறந்து காற்றை உள்ளே விட்டு உறிஞ்சலை உடைத்துவிடும். மருத்துவமனை, சாயப்பட்டறை, தொழிற்சாலை போன்ற இடங்களுக்கு இரண்டு திருப்பா வால்வுகளும் நடுவே ஒரு வடிகால் வால்வும் கொண்ட அமைப்பு உண்டு. முதல் இரண்டும் பழுதானாலும் மாசுநீர் தரையில் கொட்டுமே தவிரத் தெருவுக்குப் போகாது. அமெரிக்காவில் பல ஊர்களில் இவற்றை ஆண்டுதோறும் சோதிப்பது கட்டாயம். சோதிக்காத திருப்பா வால்வு இருந்தும் இல்லாததுதான்.

ஊர்ப்பக்கத்தில் செய்ய வேண்டியதில் முதன்மையானது அழுத்தத்தைக் காப்பது: கசிவை அடைப்பது, சாக்கடைக்குள் கிடக்கும் குழாயை மாற்றுவது, வால்வுகளைப் படிப்படியாகத் திறப்பது. அடுத்தது குளோரின். தெருவின் கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும் என்பது தரநிலை. குளோரோஸ்கோப்பில் ஆர்த்தோடாலிடின் சொட்டுவிட்டால் மஞ்சள் நிறம் தெரிய வேண்டும். இதை மருந்தாக மட்டும் பார்க்காமல் மணியாகவும் பார்க்கலாம். தொட்டியில் சரியாக இருந்த குளோரின் ஒரு தெருவில் மட்டும் திடீரென்று காணாமல் போனால், அங்கே ஏதோ உள்ளே வந்து அதைத் தின்றிருக்கிறது என்று பொருள். பிளீச்சிங் பவுடரைக் கூட்டுவதற்கு முன் அந்தத் தெருவின் குழிகளையும் மோட்டார்களையும் பார்ப்பது நல்லது.

2019 ஆகஸ்ட் 15இல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்துக்குப் பிறகு கிராமங்களில் வீட்டுக்கு வீடு குழாய் வந்துள்ளது. தெருவுக்கு ஒன்றிரண்டு பொதுக்குழாய் இருந்த ஊரில் இப்போது நூற்றுக்கணக்கான குழாய் வாய்கள். இணைப்புக் கொடுக்கும் நாளிலேயே குழாயைத் தரைக்கு மேலே நிறுத்துவது, பிறகு ஒவ்வொரு வாசலாகப் போய்க் குழியை மூடச் சொல்வதைவிட எளிது.