பழைய லேப்டாப், புதிய சேமிப்பகம்

பழுதான லேப்டாப்பை எடைக்குப் போடும் முன் அதன் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். திரையோ மதர்போர்டோ போயிருந்தாலும் டிஸ்க் நன்றாக இருக்க வாய்ப்புண்டு. உங்கள் வீட்டுப் புகைப்படங்களும் அதில்தானே இருக்கின்றன!

சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி இணைப்பையும் எடுத்த பிறகே திருப்புளியைத் தொடுங்கள். லேப்டாப் ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் 2.5 அங்குல அளவு. அதை உள்ளே பொருத்தி வெளிச் சேமிப்பகமாகப் பயன்படுத்துவதற்கான யூஎஸ்பி கேஸ் கணினிக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். வாங்கப் போகும்போது டிஸ்க்கையும் கையோடு கொண்டு போங்கள். தடிமன் 7 மில்லிமீட்டரா, 9.5 மில்லிமீட்டரா என்று பார்க்க வேண்டும். மிகப் பழைய லேப்டாப் என்றால், வழக்கமான சாட்டா (SATA) இணைப்புக்குப் பதிலாக ஊசி ஊசியாய் நீட்டியிருக்கும் ஐடிஇ இணைப்பு இருக்கலாம்; அதற்குக் கேஸே வேறு. யூஎஸ்பி 3.0 என்று கேட்டு வாங்கினால் கோப்புகள் வேகமாக நகரும். தனி மின் இணைப்பு தேவையில்லை. யூஎஸ்பி தரும் 5 வோல்ட்டே போதும்.

கேஸில் பொருத்தி வேறு கணினியில் செருகியதும் ஃபார்மேட் செய்யவா என்று திரையில் கேட்டால், அவசரப்பட்டுச் சரி என்று சொல்லிவிடாதீர்கள். முதலில் பழைய கோப்புகளைக் காப்பாற்ற வழி பாருங்கள். விண்டோஸின் பிட்லாக்கர் (BitLocker) பூட்டு போட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண் வேண்டும்.

டிஸ்க் டக் டக்கென்று சத்தம் போட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். சத்தமில்லாமல் ஓடினாலும் அது வயதான டிஸ்க். முக்கியமான கோப்புகளுக்கு இன்னொரு பிரதி வேறிடத்தில் கட்டாயம் இருக்கட்டும்.