பாம்பை விருந்துக்கு அழைப்பது யார்?

மழை தொடங்கினால் புனேயின் விஷ்ராந்த்வாடியில் தோட்டங்களுக்குள் பாம்புகள் வருகின்றன. கம்பை எடுப்பதற்கு முன்பு கவனிக்க வேண்டியது எலிகளை.

ஜூன் மழை இரண்டு நாள் விடாமல் பெய்தால் போதும். புனே நகரின் வடகிழக்கே, ஆளந்தி சாலையை ஒட்டிய விஷ்ராந்த்வாடியில் ஏதாவது ஒரு வீட்டின் கொல்லைப்புறத்திலிருந்து "சாப்! சாப்!" என்ற அலறல் கிளம்பும். மராத்தி தெரியாத தமிழருக்கும் அந்த ஒரு சொல் உடனே விளங்கிவிடும்.

இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஒரு பக்கம் தானோரி, மறுபக்கம் களஸ், நடுநடுவே ராணுவத்துக்குச் சொந்தமான புதர்க்காடு. வயலாகவும் பொட்டலாகவும் கிடந்த இடங்களில் வீடுகள் முளைத்துவிட்டன. வளைக்குள் தண்ணீர் புகுந்ததும் பாம்பு மேட்டைத் தேடுகிறது. மேட்டில் இருப்பது யாரோ ஒருவருடைய ரோஜாத் தோட்டம்.

வருவதில் பெரும்பாலானவை விஷமற்றவை. இங்கே 'தாமண்' என்று அழைக்கப்படும் சாரைப் பாம்பு எலி வேட்டைக்காரன். அதைக் கொல்பவர் தன் வீட்டுக் காவல்காரனைக் கொல்கிறார். பயப்பட வேண்டியவை நான்கு. மராத்தியர் 'நாக்' என்பது நல்ல பாம்பு. 'மண்யார்' கட்டுவிரியன். 'கோணஸ்' கண்ணாடி விரியன். 'ஃபுர்சே' சுருட்டை விரியன். பக்கத்து வீட்டுக்காரர் எந்தப் பெயரைச் சொல்லிக் கத்துகிறார் என்று புரிந்துகொள்வது புனேவாழ் தமிழருக்கு நல்லது. கண்ணாடி விரியன் முட்டையிடுவதில்லை. ஒரே ஈற்றில் இருபது, முப்பது குட்டிகளைப் போடும். பிறந்த குட்டிக்கும் விஷம் உண்டு.

அடித்துக் கொன்றால் என்ன? 2022-ல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சாரை மூன்றும் இடம்பெற்றுள்ளன. புலியைக் கொன்றாலும் சாரையைக் கொன்றாலும் குறைந்தபட்சத் தண்டனை ஒன்றுதான்: மூன்று ஆண்டு சிறை. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பாம்புக்கடி பலவும் அதை அடிக்கவோ பிடிக்கவோ போகும்போதுதான் நேர்கிறது.

தமிழ் வீடுகளில் இதற்கென்றே சில வைத்தியங்கள் உண்டு. பெருங்காயம் கரைத்து ஊற்றுவது, பூண்டை நசுக்கிப் போடுவது, சிறியாநங்கைச் செடி வளர்ப்பது. புனேயில் பினாயிலும் கார்பாலிக் அமிலமும். இவற்றால் பாம்பு திரும்பிப் போகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கார்பாலிக் அமிலம் பாம்பை விரட்டாது. மண்ணில் விளையாடும் குழந்தையின் தோலைப் புண்ணாக்கும்.

பாம்பை உண்மையில் அழைப்பது வேறு. புறாக்களுக்கு இறைக்கும் தானியம், இரவெல்லாம் கிண்ணத்தில் கிடக்கும் நாய்ச்சோறு, மூடாத குப்பைத் தொட்டி ஆகியவை எலியையும் பெருச்சாளியையும் கொழுக்க வைக்கின்றன. எலி வந்த வழியே பாம்பும் வருகிறது. வீடு கட்டியபின் மிஞ்சிய செங்கல் குவியல், தேங்காய் மட்டை, அடுக்கிய காலித் தொட்டிகள் அதற்கு இருப்பிடம். இவற்றை மழைக்கு முன்பே, கையுறையும் பூட்ஸும் அணிந்து, பகலில் அகற்றிவிட வேண்டும். புல்லைக் கட்டையாக வெட்டுவது, கதவடிச் சந்தை அடைப்பது, கழிவுநீர்க் குழாய் வாயில் கம்பி வலை பொருத்துவது எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. காய்கறிப் பாத்திக்கு நைலான் வலை கட்டுபவர்கள் யோசிக்க வேண்டும். அதில் சிக்கும் பாம்பு வெளியேற முடியாமல் அங்கேயே கிடக்கும்.

எல்லாம் செய்தும் வந்துவிட்டால்? எட்ட நின்று கண்ணை எடுக்காமல் கவனித்தபடி, மகாராஷ்டிர வனத்துறையின் 1926 என்ற எண்ணை அழைக்கலாம். 'சர்ப்பமித்ரா' எனப்படும் பாம்பு மீட்பாளர்கள் வருவார்கள். எங்கோ தொலைவில் கொண்டுபோய் விடுங்கள் என்று அவர்களிடம் கெஞ்சுவதில் பொருளில்லை. பழகாத இடத்தில் விடப்பட்ட பாம்பு அலைந்து திரிந்து மடிவதே அதிகம். எலி இருக்கும் தோட்டத்துக்கோ அடுத்த பாம்பு வந்து சேரும்.

பாம்புகளைப் புரிந்துகொள்ளச் சொல்லிக்கொடுத்த ஊர் புனே. தொந்தரவு செய்யாவிட்டால் பாம்பு கடிக்காது என்று காட்ட, 1980 ஜனவரியில் 72 விஷப் பாம்புகளுடன் கண்ணாடி அறைக்குள் 72 மணி நேரம் உட்கார்ந்திருந்தார் நீலிம்குமார் கைரே. அவர் முயற்சியில் 1986-ல் காத்ரஜில் பாம்புப் பண்ணை உருவானது. இதைத் தோட்டத்தில் யாரும் பரீட்சித்துப் பார்க்க வேண்டியதில்லை.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பாதி மரணங்கள் ஜூன் முதல் செப்டம்பருக்குள். கட்டுவிரியன் கடி வலிப்பதே இல்லை என்று சொல்லிவிடலாம். இமை சரிந்து மூச்சுத் திணறும்போதுதான் விஷயம் தெரியும். கடிபட்டால் கயிற்றால் இறுக்கக் கூடாது. கீறி உறிஞ்சக் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல், விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

அந்த மருந்துக்குத் தமிழ்நாட்டுத் தொடர்பு உண்டு. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுக்கும் விஷத்திலிருந்துதான் நாட்டின் விஷமுறிவு மருந்தில் பெரும்பகுதி தயாராகி வந்திருக்கிறது. சிக்கலும் அங்கேயே. ஊருக்கு ஊர் விஷத்தின் தன்மை மாறுகிறது. ஒரு வட்டாரப் பாம்பின் விஷத்தில் தயாரான மருந்து எல்லா இடத்திலும் ஒரே அளவு வேலை செய்வதில்லை என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். வட்டாரத்துக்கேற்ற மருந்துக்கான ஆராய்ச்சி நடக்கிறது. விஷ்ராந்த்வாடிக்காரர் இரவில் கொல்லைக்குப் போகும்போது கையில் டார்ச்சும் காலில் செருப்பும் இருக்கட்டும்.