இரு வாயுக்களுக்கிடையே ஒரு சவ்வு

2006 ஜூன் மாதத்தில் திண்மநிலை அயனியியல் பற்றிய 10ஆவது ஆசிய மகாநாடு கண்டியில் கூடியது, பேராதனைப் பௌதிகவியலாளர் பல்லாண்டுகளாகப் பல்பகுதிய மின்பகுபொருள்களை ஆராய்ந்துவந்த பிரதேசமாதலால், மிகப் பொருத்தமென்றே கருதுகிறேன். அத்தகைய பல்பகுதிய மின்பகுபொருளைக் கொண்டு நீரை மின்சாரத்தாற் பகுக்கும் கலத்தில், 100க்கு 4 பங்கு கலந்தாலே தீப்பற்றவல்ல ஐதரசனை ஒட்சிசனோடு சேரவிடாது தடுத்து, புரோத்தன்களை மாத்திரம் கடக்கவிடுவது, மில்லிமீற்றரில் ஐந்திலொரு பங்கினும் மெலிந்த சவ்வொன்றேயாம். அச்சவ்வு நீருண்டு ஈரமாயிருக்கும்வரை, அதிலுள்ள சல்போனிக் அமிலக் கூட்டங்களைப் பற்றிப்பற்றிப் புரோத்தன்கள் நகரும். உலர்ந்தாலோ பாதை அடைபடும். 1960களில் டூபொன்ட் நிறுவனத்தில் உருவான நஃபியோன் என்னும் சவ்வு இவ்வகையில் அதிசிரேஷ்டமானது; ஆயினும் அதற்கு ஆயுளளிக்கும் காபன்–புளோரீன் பிணைப்பே, கழிவானபின் எளிதில் அழியாத தோஷமுமாகிறது. ஆதலின் புளோரீனற்ற சவ்வுகளை நாடுகின்றனர். அவையோ நீரில் மிகையாக வீங்குவதும், கலத்தில் ஜனிக்கும் சுயாதீன மூலிகங்களாற் சிதைவதும் இன்னும் தீராத பிரச்சினைகள்.