காது கேட்கிறது, சொல் பிடிபடவில்லை

திருவையாற்று ஐயாறப்பர் கோயில் பிராகாரத்தில் குறிப்பிட்ட ஓரிடத்தில் நின்று உரக்கக் கூப்பிட்டால் அது ஏழு முறை எதிரொலிக்கும் என்பார்கள். சிறுவர்களுக்கு அது நல்ல வேடிக்கை. ஆனால் சாதாரண வகுப்பறையே அந்த மூலையைப் போல ஒலிக்கும் பிள்ளைகளும் உண்டு. ஒரு சொல்லின் ஒலி அடங்குமுன் அடுத்த சொல் வந்து அதன் மேல் விழும். இரண்டும் கலங்கிப் போகும்.

ஆசிரியர் "பத்து" என்றால் அத்தகைய பிள்ளை "பட்டு" என்று எழுதும். எதற்கும் "என்ன?" என்று திரும்பக் கேட்கும். பெற்றோர் காது மருத்துவரிடம் அழைத்துச் சென்றால், கருவி வைத்துப் பார்த்து, "காது நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிடுவார். பிறகென்ன? கவனமில்லாதவன் என்ற பெயரும் கடைசி பெஞ்சும்தான்! அவனுக்குக் கொஞ்சமும் ஆகாத இடம் அது.

கோளாறு காதில் இல்லை. காதிலிருந்து மூளைக்குச் செல்லும் வழியிலோ மூளையிலோ இருக்கிறது. இதைக் கேள்விச் செயலாக்கக் குறைபாடு எனலாம். உட்காதின் நத்தைச் சுருளில் ஏறத்தாழ 3,500 உள் மயிர்ச் செல்கள் ஒலியை மின் துடிப்பாக மாற்றுகின்றன. சுமார் 30,000 நரம்பு இழைகள் அதை மூளைத்தண்டுக்குக் கொண்டு செல்கின்றன. அங்கே இரு காதுகளின் செய்திகளும் ஒப்பிடப்படுகின்றன. பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி ஒரு காதை அடைந்தபின் மறு காதை அடைய ஆகும் நேரம் ஆயிரத்தில் ஒரு நொடிக்கும் குறைவு. இந்த நுண்ணிய வேறுபாடு ஒலி வரும் திசையை அறியவும், பல குரல்களுக்கிடையே ஒன்றைப் பிரித்தெடுக்கவும் உதவுகிறது. தியாகராஜர் ஆராதனையில் நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து பாடும்போதும் பக்கத்தில் இருப்பவர் சொல்வது நமக்குப் புரிகிறதல்லவா? இந்தத் திறனை ஆங்கில அறிஞர் காலின் செர்ரி 1953-இல் ஆராய்ந்தார்.

த், ட் ஆகிய ஒலிகளின் வேறுபாடும் நூறில் சில நொடிகளுக்குள் முடிந்துவிடுவது. அதைப் பிடிக்க இயலாத பிள்ளை அதைச் சரியாக உச்சரிப்பது எப்படி? பிறர் பேச்சைக் கேட்டும், தன் குரலைக் கேட்டுத் திருத்தியும்தானே பேசப் பழகுகிறோம்! சிலர் பதில் சொல்லத் தயங்கித் தயங்கி நிற்பார்கள். முதலில் கேள்வியைக் கூட்டிச் சேர்ப்பதற்கே அவர்களுக்கு நேரம் வேண்டும். எல்லோருக்கும் பேச்சு குழறும் என்பதில்லை.

1954-இல் இத்தாலியில் பொக்கா, கலேரோ ஆகியோர் மூளையின் பக்க மடலில் கட்டி வந்தவர்களைச் சோதித்தனர். சாதாரணக் காதுச் சோதனையில் அவர்கள் தேறினர். ஆனால் உயர் சுருதிகளை வடிகட்டி மங்கலாக்கிய பேச்சைக் கேட்கச் செய்தபோது, கட்டிக்கு எதிர்ப்புறக் காது தடுமாறியது. 1961-இல் கனடாவில் டோரின் கிமுரா இரு காதுகளிலும் ஒரே நேரத்தில் வெவ்வேறு எண்களை ஒலிக்கச் செய்தார். இன்றைய சோதனைகள் பலவும் இந்த வழியில் வந்தவையே. 1965-இல் தோன்றிய மைசூர் அகில இந்தியப் பேச்சு, கேள்வி நிறுவனம் இத்துறையில் குறிப்பிடத்தக்கது. ஏழு வயதுக்கு முன் பொதுவாக இச்சோதனைகளை நம்புவதில்லை. இது தனி நோயா, கவனக் குறைவும் மொழிக் குறைவும் சேர்ந்ததா என்று வல்லுநர்களிடையே விவாதம் உண்டு. ஆகவே பேச்சுப் பயிற்சியாளரும் உளவியலாளரும் கூடவே பார்ப்பது நல்லது.

சட்டத்திலும் ஓர் இடைவெளி இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கேள்விக் குறைபாட்டை 60 டெசிபல் இழப்பிலிருந்து கணக்கிடுகிறது. டெசிபலில் இழப்பே இல்லாத இப்பிள்ளை அந்தக் கணக்கில் வருவதில்லை.

மாத்திரையால் இது தீராது. ஒலிகளைப் பிரித்தறியும் பயிற்சி உதவும். ஆசிரியரின் ஒலிவாங்கியிலிருந்து நேரே பிள்ளையின் காதுக்குப் பேச்சை அனுப்பும் கம்பியில்லாக் கருவியும் உண்டு. செலவில்லாத வழிகளும் பல: முன் வரிசையில், ஆசிரியர் முகம் தெரியுமாறு உட்கார வைக்கலாம், வெளியே அறுவடை இயந்திரம் ஓடினால் சன்னலைச் சாத்தலாம். வீட்டில் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். பிள்ளை "என்ன?" என்றால் குரலை உயர்த்தாமல், சிறு வாக்கியமாக, வேறு சொற்களில் நிதானமாகச் சொல்லுங்கள். பிறகு, என்ன கேட்டது என்று அவனையே திருப்பிச் சொல்லச் செய்யுங்கள்.