பெற்றோர் கூட்டத்தில் வாத்தியார் தேடுவது யாரை?

பெற்றோர் கூட்டம் என்றால் மாணவனுக்குத்தான் பயம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஆசிரியருக்கும் ஒரு கவலை உண்டு. வர வேண்டியவர்கள் வருவார்களா என்பதே அது.

முதல் மார்க் வாங்கும் பிள்ளையின் தகப்பனார் நேரத்தோடு வந்து, முன் வரிசையில் உட்கார்ந்து விடுவார். அவரிடம் எங்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை! வராதவர் யார்? ஒரு நாள் கூலியை விட்டால் அடுப்பு எரியாது என்ற நிலையில் இருப்பவர். அவருடைய பிள்ளையைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது. கூட்டத்தை மாலை 6 மணிக்கு வைத்தால், அவர்களில் பாதிப் பேராவது வருகிறார்கள்.

2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம், பெற்றோரை ஒழுங்காகக் கூட்டிப் பேசுவதை ஆசிரியரின் கடமையாக ஆக்கியிருக்கிறது. பிள்ளையின் வருகை, கற்கும் திறமை, முன்னேற்றம் ஆகியவற்றை எடுத்துச் சொல்ல வேண்டும். சொல்வதற்கு மட்டுமா கூட்டம்? கேட்பதற்கும்தான்.

தூங்கும் பையன்

வகுப்பில் தூங்கி விழும் பையன், சோம்பேறி என்று பெயர் வாங்கியிருப்பான். "விடியக் காலம் 4 மணிக்குப் பூப்பறிக்கப் போறான் சார்" என்பார் தாயார். விஷயம் விளங்கிவிடும்.

"கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க" என்று சொல்லும் தகப்பனார்கள் இன்றும் இருக்கிறார்கள். பிள்ளையை அடிப்பதை அதே சட்டம் தடுக்கிறது. பலர் நடுவில் மார்க்கைப் படித்தால், வீட்டுக்குப் போனதும் பையன் முதுகில் விழும். அதனால் ஒவ்வொருவராக அழைத்துப் பேசுவதே நல்லது.

சென்ற ஆண்டு, 8-ம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாயார், கூட்டம் முடிந்தும் போகாமல் தூண் ஓரமாக நின்றார்.

"இந்த வருஷத்தோட நிறுத்திடலாம்னு அவங்க அப்பா சொல்றாரு, ஐயா."

உயர்நிலைப் பள்ளி 6 கிலோ மீட்டர் தூரம். பெண் தனியாகப் போக வேண்டுமே என்ற பயம்.

பஸ் பாஸ் இலவசம் என்று சொன்னேன். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண், கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் என்றும் சொன்னேன். 2022-ல் வந்த "புதுமைப் பெண்" திட்டம் அது. அதே தெருவிலிருந்து இன்னும் 2 பெண்கள் அந்தப் பஸ்ஸில் போகிறார்கள் என்றேன். பணத்தை அந்த அம்மாள் பெரிதாக எண்ணவில்லை. துணைக்கு ஆள் உண்டா என்பதைத்தான் இரண்டு முறை கேட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை, வேலைக்குப் போகும் வழியில் தகப்பனார் வந்தார். சைக்கிளை விட்டு இறங்கவில்லை. "பஸ் எத்தனை மணிக்கு சார்?" என்று மட்டும் கேட்டார்.

அந்தப் பெண் இப்போது 9-ம் வகுப்பில் படிக்கிறாள். பஸ்தான் சில நாட்களில் நேரத்துக்கு வருவதில்லை.