காலி ரீஃபில் போதும்... சால்மன் மீனுக்கு 'ஃப்ளை' ரெடி!

பால்பாயின்ட் பேனா ரீஃபில் தீர்ந்துவிட்டால் என்ன செய்வோம்? தூக்கிப் போடுவோம். தூண்டிலில் ஆர்வம் உள்ளவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள்!

மண்புழு கோக்காமல், முடியும் நூலும் சுற்றிய போலி இரையைக் காட்டி மீனை ஏமாற்றுவதுதான் ஃப்ளை ஃபிஷிங். 19-ம் நூற்றாண்டு பிரிட்டனில் சால்மன் மீனுக்கான ஃப்ளை கட்டப் பல நாடுகளிலிருந்து வண்ண இறகுகள் கப்பலேறின. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகும் அதில் தப்பவில்லை. இவ்வளவு செலவழித்தும், முள் உடைந்தால் மொத்த ஃப்ளையும் குப்பைதான்.

1945 வாக்கில் ஸ்காட்லாந்தின் அபெர்டீனில், ஃப்ளை கட்டும் வேலையில் இருந்த வின்னி மோராவ்ஸ்கி என்ற பெண் இதற்கு வழி கண்டார் என்கிறார்கள். முள்ளில் கட்டாமல், வான்கோழி இறகின் உள்ளீடற்ற தண்டில் கட்டினார். அதுதான் ட்யூப் ஃப்ளை. தங்கூஸ் குழாய்க்குள் நுழைந்து வெளியே வரும். அதன் நுனியில் முள். மீன் கடித்ததும் குழாய் தங்கூஸில் மேலேறிவிடும். ஃப்ளை கிழியாது, முள்ளை மட்டும் மாற்றலாம்.

இந்த 'மாற்றலாம்'தான் இன்று பெரிய விஷயம். 2023 டிசம்பரில் வெளியான ஐ.யு.சி.என் பட்டியலில், பிரிட்டனின் அட்லான்டிக் சால்மன் அழியும் ஆபத்தில் உள்ள இனம். ஸ்காட்லாந்தில் தூண்டிலில் சிக்கும் சால்மன்களில் 10-க்கு 9-க்கும் மேல் திரும்ப ஆற்றிலேயே விடப்படுகின்றன. மூன்று முனை முள் மீனின் வாயைக் குதறிவிடும். ட்யூப் ஃப்ளையில் அதைக் கழற்றிவிட்டு, ஒற்றை முள் மாட்டிக்கொள்ளலாம். முனைக்குப் பின்னால் இருக்கும் எதிர்க்கூரை பிளேயரால் நசுக்கிவிட்டால், மீனை விடுவிப்பது இன்னும் சுலபம்.

கட்டுவது எப்படி?

காலி ரீஃபிலை ஸ்பிரிட்டால் கழுவி, ஓர் அங்குலம் நறுக்குங்கள். ஒரு முனையை லைட்டர் தீயின் அருகே காட்டினால் விளிம்பு லேசாகத் தடித்துக்கொள்ளும், நூல் வழுக்காது. தீயில் படக் கூடாது, உருகிச் சுருண்டுவிடும் (முதல் இரண்டு எல்லோருக்கும் சுருளும்!). குழாயை இறுக்கமாக ஒரு கோணி ஊசியில் செருகி, ஊசியை கட்டிங் பிளேயரில் பிடியுங்கள். கைப்பிடியில் ரப்பர் பேண்ட் சுற்றினால் இரண்டு கையும் ஃப்ரீ.

தடித்த முனைதான் தலை. அங்கே தொடங்கி நூலைக் கடைசிவரை சுற்றி, ஜரிகை இழையைக் கட்டி, அதைத் தலைவரை சுற்றி வாருங்கள். பிறகு முடி. கிழிந்த கரடி பொம்மையின் ரோமம் தாராளம். தீக்குச்சி கனத்துக்கு மேல் வேண்டாம். முடி அதிகமானால் தண்ணீரில் அசையாது, துடைப்பம் மாதிரி போகும். குழாயைச் சுற்றிப் பரவலாக வைத்து, நூலால் இறுக்கி முடிச்சிட்டு, தலையில் இரண்டு கோட் நெயில் பாலிஷ்.

பின்முனையில் சைக்கிள் வால்டியூப் ஒரு துண்டு மாட்டுங்கள். முள்ளின் காதை அதற்குள் செருகினால் முள் நேராக நிற்கும். மீன் இழுத்ததும் கழன்றுகொள்ளும்.

ஆற்றுக்குப் போகும் முன் ஒரு பக்கெட் தண்ணீரில் இழுத்துப் பாருங்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்தால், அந்தப் பக்கம் முடி அதிகம். அவிழ்த்து மறுபடி கட்டினால் போயிற்று. பொம்மையில் இன்னும் ரோமம் இருக்கிறதே!