வைரம் பாய்ந்த கப்பல்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் உள்ள துறைமுக நகரம் ஹார்ட்டில்பூல். அங்குள்ள கடற்படை அருங்காட்சியகத்தில், தண்ணீர் நிரப்பிய பழைய கப்பல் துறை ஒன்றில், மூன்று பாய்மரங்களோடு மிதந்துகொண்டிருக்கிறது 'எச்.எம்.எஸ். டிரிங்கோமலி'. இலங்கையின் திருகோணமலைக்கு அருகே 1782-இல் நடந்த கடற்போரின் நினைவாக வைத்த பெயர் இது. 1817-இல் நீரில் இறங்கிய கப்பல். இன்றும் மிதக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் இதுவே மிகப் பழையது. போர்ட்ஸ்மத்தில் இருக்கும் 'விக்டரி' இன்னும் மூத்ததுதான். ஆனால் அது உலர்துறையில் நிற்கிறது.

அங்கே போகிறவர்கள் பீரங்கிகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடக் கூடாது. பீரங்கிகள் எந்தக் கடற்படை அருங்காட்சியகத்திலும் கிடைக்கும். நின்று நிதானமாகப் பார்க்க வேண்டியது இந்தக் கப்பலின் மரத்தை. அது மலபார்க் காட்டுத் தேக்கு.

நெப்போலியனோடு நடந்த நீண்ட போரில் பிரிட்டனுக்கு ஓக் மரம் போதவில்லை. பம்பாயிலோ வாடியா என்ற பார்சிக் குடும்பம் தலைமுறை தலைமுறையாகத் தேக்கில் கப்பல் கட்டிவந்தது. 1812-இல், அங்கே கட்ட வேண்டிய இந்தக் கப்பலின் வரைபடங்கள் 'ஜாவா' என்ற பிரிட்டிஷ் கப்பலில் இந்தியாவுக்குப் புறப்பட்டன. பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்காவின் 'கான்ஸ்டிடியூஷன்' என்ற போர்க்கப்பல் அந்த 'ஜாவா'வைத் தோற்கடித்து எரித்துவிட்டது. மீண்டும் வரைபடங்கள் வந்துசேர்ந்து, 1816-இல்தான் வேலை தொடங்கியது. தலைமைக் கப்பல் கட்டுநர் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா, பார்சி வழக்கப்படி அடிமரத்தில் வெள்ளி ஆணி ஒன்றை அடித்துத் தொடங்கிவைத்தார்.

தேக்கில் அப்படி என்ன இருக்கிறது? மரம் முதிரும்போது அதன் நடுப்பகுதி நீரைக் கடத்தும் வேலையை விட்டுவிடுகிறது. அந்தச் செல்களில் மரம் பல வேதிப்பொருள்களைச் சேர்த்துவைக்கிறது. வைரம் பாய்வது என்று நம் தச்சர்கள் சொல்வது இதைத்தான். தேக்கின் வைரத்தில் சேரும் பொருள்களில் ஒன்று டெக்டோகுவினோன். கரையான் அண்டாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம். பூஞ்சையைத் தடுக்கும் வேறு சேர்மங்களும் உண்டு. எண்ணெய்ப் பசையும் ரப்பரைப் போன்ற ஒரு பொருளும் மரத்துக்குள் நீர் எளிதில் ஊறாமல் பார்த்துக்கொள்கின்றன. தேக்கில் சிலிக்காத் துகள்களும் இருக்கின்றன; உளியும் ரம்பமும் சீக்கிரம் மழுங்கிப்போவது அதனால்தான். வெயிலிலும் ஈரத்திலும் மாறி மாறிக் கிடந்தாலும் தேக்கு ஓக்கைப் போல அதிகம் சுருங்கி விரிவதில்லை. பலகைகளுக்கு இடையே இடைவெளி விழாமல் இருக்கக் கப்பலுக்கு வேண்டிய முதல் குணம் அது.

இரும்போடு சேரும்போது வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். ஓக்கில் டானின் மிகுதி. ஈரமான ஓக்கில் இரும்பு ஆணி அடித்தால், டானினும் இரும்பும் வினைபுரிந்து ஆணியைச் சுற்றி மரம் கறுத்துப்போகும். கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதியைப் போட்டு மை காய்ச்சுவதும் இதே வினைதான். நாளடைவில் ஆணி அரித்துப்போகும். அதைப் பிடித்திருக்கும் மரமும் நைந்துபோகும். தேக்கில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

'டிரிங்கோமலி' 1819-இல் போர்ட்ஸ்மத் போய்ச் சேர்ந்தபோது, எந்தப் போருக்காக அது கட்டப்பட்டதோ அந்தப் போரே முடிந்திருந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் சும்மா கிடந்தது. பிறகு அட்லாண்டிக்கிலும் பசிபிக்கிலும் ரோந்து சுற்றியது. 1897-இல் விற்கப்பட்டு, பெயர் மாறி, இளைஞர்களுக்கான பயிற்சிக் கப்பலாகப் பல பத்தாண்டுகள் இருந்தது. ஹார்ட்டில்பூலில் பழுதுபார்க்கும் பணி 2001-இல் முடிந்தது. கப்பலின் உடலில் பாதிக்கு மேல் இன்றும் பம்பாயில் பொருத்திய அதே மரம்.

இந்த உறுதிக்குக் காடு கொடுத்த விலையையும் சொல்லியாக வேண்டும். கப்பல் மரத்துக்காகவே கிழக்கிந்தியக் கம்பெனி 1806-இல் மலபாரில் காட்டு அதிகாரி ஒருவரை நியமித்தது. தேக்கு கம்பெனியின் தனியுரிமையானது. தங்கள் நிலத்து மரத்தை விற்கும் உரிமையை இழந்த மக்கள் கொதித்தார்கள். 1823-இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ அந்த ஏற்பாட்டை முடித்துவைத்தார். அதற்குள் எளிதில் எட்டக்கூடிய பெரிய மரங்களில் பெரும்பாலானவை வெட்டப்பட்டுவிட்டன.

1840-களில் மலபார் கலெக்டர் கானலி, நிலம்பூரில் தேக்கை நட்டு வளர்க்க முயன்றார். முதலில் விதைகள் முளைக்கவே இல்லை. தேக்குக் காயின் ஓடு அவ்வளவு கெட்டியானது. நனைந்து, காய்ந்து, மறுபடியும் நனைந்தால்தான் உள்ளிருக்கும் விதைக்கு வழிவிடும். சாத்து மேனன் என்ற அலுவலரின் கையில்தான் நாற்றுகள் தழைத்து, தோட்டம் உருவானது. உலகின் மிகப் பழைய தேக்குத் தோட்டம் என்று அறியப்படும் அந்த இடத்தில், அவர் காலத்தில் நட்ட மரங்கள் சில சாலியாற்றின் கரையில் இன்றும் நிற்கின்றன.